வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஓர் அடக்கம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிவாக்கில் இயேசுவின் உயிர் பிரிந்தது. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பிறகு பிணத்தைச் சுமக்க முடியாது, கல்லைப் புரட்ட முடியாது, ஒரு வேலையும் ஆகாது. அதற்குள் ரோம ஆளுநர் பிலாத்துவைப் பார்த்து அனுமதி வாங்க வேண்டும். துணி வாங்க வேண்டும். ஆணிகளைப் பிடுங்கி உடலை இறக்க வேண்டும். ஒரு கல்லறையைப் பார்த்து, தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். இத்தனைக்கும் இருந்தது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இந்த வேலையில் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவர் பெயர்கூட வரவில்லை.

வந்தவர் அரிமத்தியா ஊர் யோசேப்பு. நான்கு சுவிசேஷங்களும் அவர் பெயரைச் சொல்கின்றன. அவரைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானிப்பார்கள். ஏழாவது வார்த்தை முடிந்ததும் மௌனமாகக் கலைந்து வீட்டுக்குப் போவோம். சனிக்கிழமை கோயிலைக் கழுவுவார்கள், பூ கட்டுவார்கள், வீடுகளில் கறிக்குச் சொல்லிவைப்பார்கள். ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு மணி அடித்துவிடும். வேதாகமம் அத்தனை விவரமாகச் சொல்கிற அடக்கத்தை மட்டும் நாங்கள் தாண்டிப் போய்விடுகிறோம்.

பவுல் தாண்டவில்லை. கி.பி. 50களின் நடுவில் கொரிந்து சபைக்கு எழுதும்போது, தனக்கு முன்பே இருந்தவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு சுருக்கமான அறிக்கையைத் தருகிறார். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், காட்சி கொடுத்தார். சபையின் மிகப் பழைய அறிக்கைகளில் ஒன்று இது. மரித்தார், எழுந்தார் என்று சொன்னாலே பொருள் வந்துவிடும். ஆனாலும் நடுவில் அடக்கத்தை வைத்திருக்கிறார்கள். விசுவாசப் பிரமாணத்திலும் அது அப்படியே இருக்கிறது. வாரந்தோறும் எழுந்து நின்று சொல்கிறோம், சொல்லிக்கொண்டே கடந்துவிடுகிறோம்.

யோசேப்பு செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய, ரோமர்கள் சிலுவையை எதற்காக வைத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கொல்வதற்கு அவர்களிடம் வேறு சுலபமான வழிகள் இருந்தன. சிலுவை என்பது ஊருக்குக் காட்டுவதற்கு. செத்த பிறகும் உடலை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். காக்கை கழுகு கொத்தும், நாய் இழுக்கும். ஒரு மனுஷனுக்குக் கல்லறை கிடையாது, அவனை நினைத்து அழ ஓர் இடம் கிடையாது என்பதும் தண்டனையின் ஒரு பகுதி. யூதர்களுக்கோ இது தாங்க முடியாத விஷயம். மரத்தில் தூக்கப்பட்டவனின் பிணத்தை இரவில் விட்டுவைக்காமல் அன்றைக்கே அடக்கம்பண்ண வேண்டும் என்று உபாகமம் 21ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. சிலுவையில் அறையப்பட்டவர்களைக்கூட யூதர்கள் சூரியன் மறையும் முன் இறக்கி அடக்கம்பண்ணிவிடுவார்கள் என்று அதே நூற்றாண்டைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார்.

1968இல் எருசலேமுக்கு வடகிழக்கே கிவாத் ஹாமிவ்தார் என்ற இடத்தில் கட்டட வேலை நடந்தபோது பழைய கல்லறைகள் தென்பட்டன. அதில் ஒரு சுண்ணாம்புக்கல் பெட்டி. அந்தக் காலத்து எருசலேமில் உடலைக் கல்லறைக் குகையில் கிடத்திவைத்து, சுமார் ஒரு வருஷம் கழித்துக் குடும்பத்தார் வந்து எலும்புகளை இப்படிப்பட்ட பெட்டியில் சேர்ப்பார்கள். இந்தப் பெட்டியில் யெகோகானான் என்ற பெயர் கீறப்பட்டிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு, அதன் குறுக்கே பதினொன்றரை சென்டிமீட்டர் நீள இரும்பு ஆணி. ஆணியின் நுனி வளைந்திருந்தது. மரத்தின் கணுவில் பட்டு வளைந்திருக்கலாம், அதனால்தான் பிடுங்க வராமல் எலும்போடு சேர்ந்தே இருந்துவிட்டது என்கிறார்கள். முதல் நூற்றாண்டில் சிலுவையில் அறையப்பட்ட ஓர் ஆளின் எலும்பு அது.

அந்த எலும்பின் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆணியைவிட அந்தப் பெட்டிதான் என் மனதைப் பிடித்தது. யாரோ போய் அந்த இளைஞனின் உடலைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து, அம்மாவோ அண்ணனோ, குனிந்து அந்தக் குகைக்குள் போய் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். ஆணி அடித்த குதிகாலைக் கையில் எடுத்து, அதையும் மற்ற எலும்புகளோடு வைத்து, பெயரைக் கீறியிருக்கிறார்கள். ரோம அரசு அழிக்க நினைத்த பெயர் அது.

யோசேப்பும் அப்படித்தான் போனார். ‘பிலாத்துவினிடத்தில் துணிந்துபோய்’ இயேசுவின் சரீரத்தைக் கேட்டான் என்கிறார் மாற்கு. மாற்கு வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். அவரே துணிவைக் குறிப்பிட்டுச் சொல்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவனின் உடலைக் கேட்டுப் போகிறவன் அவனுடைய ஆள் என்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறான். அதுவும் யோசேப்பு, இயேசுவைக் குற்றவாளியாகத் தீர்த்த யூத ஆலோசனைச் சங்கத்தில் ஒருவர். அந்தச் சங்கத்தின் தீர்மானத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை என்று லூக்கா சொல்கிறார். யூதருக்குப் பயந்து அதுவரை மறைவாகவே சீஷனாக இருந்தவர் என்று யோவான் சொல்கிறார். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தபோது வெளியே வரவில்லை. ஓசன்னா பாடி ஊரே வரவேற்றபோது வரவில்லை. எல்லாம் முடிந்து, இயேசுவால் இனி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆன பிறகு வெளியே வருகிறார். இத்தனை சீக்கிரம் செத்துவிட்டானா என்று பிலாத்து ஆச்சரியப்பட்டு, நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் உடலைக் கொடுக்கிறான். அந்த விசாரணை முடியும் வரைக்கும் யோசேப்பு அங்கே நின்றிருக்க வேண்டும், வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருக்க.

இன்னொன்று. அன்று காலையில் இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுவந்தவர்கள் அரண்மனைக்குள் நுழையவில்லை. தீட்டுப்பட்டால் பஸ்காப் பண்டிகை விருந்தைப் புசிக்க முடியாதே என்று வெளியிலேயே நின்றார்கள். பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டு என்பது எண்ணாகமத்தில் உள்ள சட்டம். யோசேப்புக்கும் அது தெரியும், கூட வந்த நிக்கொதேமுவுக்கும் தெரியும். ஒருவர் சங்கத்தில் ஒருவர், மற்றவர் இஸ்ரவேலில் போதகர். வருஷத்தின் மிகப் பெரிய பண்டிகையை விட்டுக்கொடுத்துவிட்டு அவர்கள் பிணத்தைத் தூக்கினார்கள். நிக்கொதேமு ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து கொண்டுவந்தார். இன்றைய கணக்கில் முப்பது கிலோவுக்கு மேல். ராஜாக்களின் அடக்கத்துக்குச் செலவழிப்பது போன்ற அளவு. மூன்றாம் நாள் எழுவார் என்று எதிர்பார்க்கிறவர் யாரும் முப்பது கிலோ வாசனைத் திரவியம் சுமந்து வரமாட்டார்.

எங்கள் ஊரில் என் பெரியம்மாதான் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுவார். எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் ஆள் போவது உபதேசியார் வீட்டுக்கு, அடுத்து பெரியம்மா வீட்டுக்கு. சின்ன வயதில் கூடப் போய் வெந்நீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவார். இல்லாவிட்டால் வாய் திறந்துகொள்ளும். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார். அப்புறம் தலையைத் துவட்டி, சிக்கெடுத்து, நிதானமாக வாரிவிடுவார். செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பார். எங்களோடு அல்ல, குளித்துக்கொண்டிருப்பவரோடு. “மதினி, இந்தக் கையைக் கொஞ்சம் குடுங்க.” “தண்ணி சூடா இருக்கா? ஆத்திட்டேன், பயப்படாதீங்க.” ஒரு தடவைகூட அவர் ‘பாடி’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

யோவான் 20ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் குரல் கேட்கும். இயேசுவைப் பின்பற்றி வந்த மகதலேனா மரியாள் கல்லறையண்டை அழுதுகொண்டு நிற்கிறாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கும் தூதர்களிடம், என் ஆண்டவரை எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள் என்கிறாள். அவளுக்குத் தெரிந்தவரை அங்கே இருந்தது ஒரு சடலம். ஆனாலும் அவளுக்கு அவர் இன்னும் ஆண்டவர்தான். அப்புறம் தோட்டக்காரர் என்று நினைத்து இயேசுவிடமே சொல்கிறாள்: “ஐயா, நீர் அவரை எடுத்துக்கொண்டுபோனதுண்டானால், அவரை வைத்த இடத்தை எனக்குச் சொல்லும், நான் போய் அவரை எடுத்துக்கொள்ளுவேன்.”

எப்படி எடுப்பாள்? வளர்ந்த ஓர் ஆண்மகனின் உடல். சுற்றிய துணியும் முப்பது கிலோ போளமும் சேர்ந்த பாரம். ஒற்றைப் பெண், கருக்கலில், நகரத்துக்கு வெளியே. எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அவளிடம் கல்லறை ஏது? இதில் எதையும் அவள் யோசிக்கவில்லை. அவரைக் கவனிப்பாரற்று விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. வேதாகமத்தில் அன்பைப் பற்றிய வசனம் எது என்று கேட்டால் எல்லோரும் 1 கொரிந்தியர் 13ஐச் சொல்வோம். எனக்கு இந்த வசனம்.

அந்த வாய் கட்டும் துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இயேசுவின் தலையில் சுற்றியிருந்த சீலை மற்றத் துணிகளோடு கிடக்காமல் தனியே ஓரிடத்தில் சுருட்டி வைத்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். இதைப் பற்றிப் பலரும் பலவிதமாக விளக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது, சாவு வீட்டில் வேலை செய்த கைக்குத்தான் அந்தத் துணி தனியாகக் கண்ணில் படும். கட்டியவர்களுக்குத் தெரியும், அது எதற்காகக் கட்டப்பட்டது என்று. இனி அந்த வாயைக் கட்டிவைக்க வேண்டியதில்லை.

ஞாயிறு காலையில் கல்லறைக்குப் போன பெண்களை நாம் விசுவாச வீராங்கனைகளாக ஆக்கிவிட்டோம். சுவிசேஷங்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் உயிர்த்தெழுந்தவரைப் பார்க்கப் போகவில்லை. விடுபட்ட வேலையை முடிக்கப் போனார்கள். வெள்ளிக்கிழமை அவசரத்தில் சரியாகச் செய்யாத ஒரு காரியம், சனிக்கிழமை முழுக்க மனதை அரித்த ஒரு காரியம். ‘கற்பனையின்படியே ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள்’ என்று லூக்கா ஒரே வரியில் அந்தச் சனிக்கிழமையைச் சொல்லிவிடுகிறார். அந்த ஓய்வு எப்படி இருந்திருக்கும் என்று துக்கவீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். கல்லை யார் புரட்டுவார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. வழியில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். கல் அசையாது என்று தெரிந்தும் போகிறார்கள். கொண்டுபோன திரவியம் கடைசியில் பயன்படவே இல்லை. மாற்கு சுவிசேஷத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இயேசுவின் உடலுக்குக் கிடைத்த ஒரே தைலம் பெத்தானியாவில் பெயர் தெரியாத ஒரு பெண் உயிரோடிருக்கும்போதே ஊற்றியது. என் அடக்கத்துக்காக முந்திக்கொண்டாள் என்று அன்றைக்கே அவர் சொல்லியிருந்தார்.

இந்தப் பெண்கள் இல்லையென்றால் ஈஸ்டர் செய்தியே நமக்கு வந்திருக்காது. மாற்கு மிகக் கவனமாக அவர்கள் பெயர்களை மூன்று இடங்களில் எழுதுகிறார். சிலுவையில் அவர் மரித்ததைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களில் மகதலேனா மரியாள் இருக்கிறாள். அவரை வைத்த இடத்தைப் பார்த்தவர்களில் இருக்கிறாள். வாரத்தின் முதலாம் நாள் விடியற்காலம் போனவர்களிலும் இருக்கிறாள். மரித்தவரும், வைக்கப்பட்டவரும், அங்கே இல்லாமற்போனவரும் ஒரே ஆள்தான் என்று சொல்ல மூன்று இடத்திலும் இருந்த கண்கள் வேண்டும். ஓடிப்போன சீஷர்களுக்குக் கல்லறை எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. பேதுரு அங்கே ஓடியது அவள் வந்து சொன்ன பிறகுதான். அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. கட்டுக்கதை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட சாட்சிகளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்ற வாதத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர்கள் எப்படிச் சாட்சிகள் ஆனார்கள் என்பது. பிணத்தைப் பின்தொடர்ந்து போனதால் ஆனார்கள்.

என் நெஞ்சில் இருக்கிற ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “அழாதீங்க, அவங்க பரலோகத்தில் சந்தோஷமா இருக்காங்க” என்று சொல்லுகிற வழக்கம் நம் சபைகளில் அதிகமாகிக்கொண்டு வருகிறது. உயிர்த்தெழுதலை நம்புகிறவன் அழக் கூடாது என்று பிரசங்கத்திலேயே கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது வெள்ளியிலிருந்து நேராக ஞாயிறுக்குத் தாவுவது. மரியாள் அழுதுகொண்டுதான் நின்றாள். ஏன் அழுகிறாய் என்று தூதரும் கேட்டார்கள், இயேசுவும் கேட்டார். அழாதே என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். லாசருவின் கல்லறையில், இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், இயேசு கண்ணீர் விட்டார்.

நம் விசுவாசம் உடலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆத்துமா பறந்துபோவதைப் பற்றியது என்றால் யோசேப்பு செய்தது வீண்வேலை. கல்லறையில் வைத்த அந்த உடலைத்தான் தேவன் எழுப்பினார் என்பது அப்போஸ்தலர்களின் சாட்சி. ஆணித் தழும்பு இருந்த கை அது, ஈட்டி குத்திய விலா அது. சந்தோஷத்தில் நம்ப முடியாமல் திகைத்து நின்றவர்கள் முன்னால் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டார். பெரியம்மா வெந்நீரை ஆற்றி ஊற்றியது அதனால்தான் எனக்கு அர்த்தமாகிறது. நாளைக்கு எழுப்பப்படப் போகிற கையை அவர் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார், செய்ய வேண்டியது செய்யணும்ல என்றிருப்பார்.

2020இல் ஈஸ்டர் ஏப்ரல் 12. ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே ஆராதனை. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 19, உயிர்த்தெழுந்ததை முதலில் நம்பாத சீஷன் தோமாவின் கதையைச் சபைகள் வாசிக்கிற ஞாயிறு. அன்று சென்னையில் கொரோனாவால் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் இறந்தார். கிறிஸ்தவர். உடலை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது எதிர்ப்பு வந்தது, வேறோர் இடத்துக்குப் போனார்கள். அங்கே கூட்டம் கல்லாலும் கட்டையாலும் ஆம்புலன்ஸை அடித்தது. ஓட்டுநர்களுக்குக் காயம். குடும்பத்தார் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அவருடைய சக மருத்துவர் ஒருவர் இரவில் காவல்துறை துணையோடும் இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடும் திரும்பிப் போய், தானே மண்வெட்டி பிடித்து, கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். செய்தியைப் படித்த அன்று என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. அடக்கம் மறுக்கப்படுவது எப்படிப்பட்ட கொடுமை என்று ரோமர்களைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அதன்பிறகு எனக்கு இல்லை. யோசேப்பின் துணிவு எப்படிப்பட்டது என்பதற்கும் அப்படித்தான்.

எருசலேமில் பரிசுத்த கல்லறைத் தேவாலயம் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் கட்டியது, 1009இல் இடிக்கப்பட்டது, மறுபடி கட்டப்பட்டது, 1808இல் தீப்பிடித்தது. கல்லறையின் மேல் இப்போதுள்ள சிறு கட்டடம் 1810இல் முடிந்தது. 2016 அக்டோபரில் பழுதுபார்க்கும் வேலைக்காக மேலிருந்த சலவைக்கல்லை நகர்த்தினார்கள். கீழே இன்னொரு கல், அதன் கீழே பாறையில் வெட்டிய மேடை. உள்ளே எதுவும் இல்லை என்பதைப் பார்க்கத்தானே இத்தனை நூற்றாண்டுகளாக ஜனங்கள் அங்கே போகிறார்கள். நான் போனதில்லை. போனால் அந்தப் பாறையில் யோசேப்பின் உளித் தழும்பைத் தேடுவேன். தனக்கென்று வெட்டிவைத்த புதுக் கல்லறை அது என்று மத்தேயு சொல்கிறார். தன் சாவுக்குச் சேர்த்துவைத்த இடத்தையும் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு வேதாகமத்தில் அவர் பேச்சே இல்லை. உயிர்த்தெழுந்த இயேசு அவருக்குக் காட்சி கொடுத்தாரா என்று எழுதப்படவில்லை. நிக்கொதேமுவுக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தீட்டோடு வீட்டில் இருந்திருப்பார்கள், கல்லறை காலி என்று யாரோ வந்து சொல்லிக் கேட்டிருப்பார்கள். தன் கையால் சுற்றிய துணி மட்டும் கிடக்கிறது என்று கேட்டபோது யோசேப்பு என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் ஒரு காரியம் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம், கோயில் கழுவி முடிந்த பிறகு, அரை மணி நேரம் கூடலாமா? பாட்டு வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். லூக்கா 23இன் கடைசி ஏழு வசனங்களை வாசித்துவிட்டு, அந்த வருஷம் சபையில் அடக்கம்பண்ணப்பட்டவர்களின் பெயர்களை வாசிப்போம். பெயர் வாசிப்பதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருப்பவர்கள் செய்யட்டும், பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான் அந்த உடலுக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியிருப்பார். சரி என்றிருக்கிறார். பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறோம். கொரோனாக் காலத்தில் போனவர்களில் அடக்க ஆராதனை நடத்த முடியாமற்போனவர்களையும் சேர்க்கலாமா என்று சங்கத்து அம்மா ஒருவர் கேட்டார். சேர்த்தோம்.